ரெஸ்க்யூ டான்: பட்டினி நிஜம், ஜீன் மட்டும் பொய்

நான் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். சாப்பிடாமல் கிடந்து வற்றிப்போன உடம்புகளை மெடிக்கல் வார்டில் நிறையவே பார்த்தாயிற்று. அதனால் ஒரு நடிகர் படத்துக்காக இத்தனை கிலோ இளைத்தார் என்று யாராவது புல்லரித்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வரும். உடம்பு இளைப்பது வேறு, பட்டினியாகத் தெரிவது வேறு. வெர்னர் ஹெர்சாக் இயக்கிய 'ரெஸ்க்யூ டான்' படத்தையும் அந்த சந்தேகத்தோடுதான் பார்க்க உட்கார்ந்தேன்.

கதை நிஜமாக நடந்தது. டீட்டர் டெங்க்ளர் ஜெர்மனியில் பிறந்து, விமானம் ஓட்டும் ஆசைக்காகவே அமெரிக்காவுக்குப் போய்க் கடற்படை விமானியானவர். வியட்நாம் போர் சமயத்தில், 1966 பிப்ரவரி 1 அன்று 'ரேஞ்சர்' என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து ஸ்கைரைடர் விமானத்தில் புறப்பட்டு, லாவோஸ் காட்டில் சுட்டு வீழ்த்தப்பட்டார். பதெத் லாவோ என்ற லாவோஸ் கம்யூனிஸ்ட் படையிடம் பிடிபட்டு மூங்கில் முகாமில் அடைபட்டார். ஜூன் 29 அன்று தப்பினார். ஜூலை 20 அன்று மீட்கப்பட்டபோது அவர் எடை நாற்பத்தைந்து கிலோ கூட இல்லை. டெங்க்ளராக நடித்திருப்பவர் கிறிஸ்டியன் பேல். சக கைதி டுவேனாக ஸ்டீவ் சான், ஜீனாக ஜெரமி டேவிஸ்.

பேல் இதற்காக சுமார் 25 கிலோ குறைத்தார் என்கிறார்கள். சான் பதினெட்டு, டேவிஸ் பதினைந்து. இயக்குநரும் துணைக்குத் தானும் இளைத்திருக்கிறார். கதையைத் தலைகீழாக, அதாவது எலும்பும் தோலுமான கடைசிக் கட்டத்தை முதலில் எடுத்துவிட்டு, நடிகர்கள் மெல்ல மெல்லச் சாப்பிட்டுத் தேறத் தேற முந்தைய காட்சிகளுக்கு வந்திருக்கிறார்கள். இது கெட்டிக்கார யோசனை. படப்பிடிப்பு நடந்தது தாய்லாந்துக் காட்டில். அந்த வெக்கையில் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே நடிப்பது ஆபத்து, தேறிக்கொண்டே நடிக்கலாம்.

சரி, வார்டுக் கண்ணுக்கு எப்படி இருந்தது? பேலைப் பார்த்ததும் முழுசாக நம்பிக்கை வரவில்லை. முகம் ஒட்டியிருக்கிறது, விலா தெரிகிறது, ஆனால் தோளில் இன்னும் உருண்டை இருக்கிறது. நிஜப் பட்டினியில் தோள் சதை கரைந்து எலும்பு முனை கட்டம் கட்டமாகத் துருத்தும். நெற்றிப்பொட்டில் விரல் வைக்கும் அளவுக்குக் குழி விழும். தொடையைவிட முட்டி பெரிதாகிவிடும். டேவிஸிடம் இவை கிட்டத்தட்ட எல்லாமே இருந்தன. முதன்முதலாக அவர் திரையில் வந்தபோது, கை தன்னால் நாடி பார்க்கப் போகிற மாதிரி இருந்தது எனக்கு. மூவரில் குறைவாக இளைத்தவர் அவர்தான், ஆனால் அவர்தான் சாகப்போகிறவர் மாதிரி இருக்கிறார். கிலோக் கணக்கு விளம்பரத்துக்குத்தான் ஆகும் என்று இதனால்தான் சொல்கிறேன்.

பேல் ஜெயிப்பது வேறு இடத்தில். பசித்தவன் எப்படிச் சாப்பிடுவான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. புழு நெளியும் கிண்ணம் வருகிறதே, அதில் அவர் தின்பது நிஜப் புழு. என் வீட்டுக்காரர் அத்தோடு எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டார். நான் பார்த்தது புழுவை அல்ல, அவர் கண்ணை. அருவருப்பு துளி இல்லை, வீம்பும் இல்லை. முழுக் கவனமும் கிண்ணத்தில், சுற்றி யார் இருக்கிறார்கள் என்ற நினைப்பே கிடையாது. நாள்கணக்கில் வயிறு காய்ந்து வந்தவருக்கு முதல் முறை கஞ்சி கொடுக்கும்போது இதே கண்ணைத்தான் பார்ப்போம். பாம்பைக் கடித்துத் தின்பதும், அட்டைகள் மேலெல்லாம் ஒட்டிக்கிடப்பதும் எல்லோரும் பேசும் காட்சிகள். அவை தைரியம். கிண்ணக் காட்சிதான் நடிப்பு.

ஸ்டீவ் சானை நான் காமெடியன் என்றே நினைத்திருந்தேன். இதில் மனிதர் ஆளே மாறியிருக்கிறார். இரவில் கைதிகளின் கால்களைத் தொழுமரத்தில் மாட்டி, கைவிலங்கும் போட்டு விடுகிறார்கள். வயிற்றுப்போக்கு உள்ளவன் அந்த நிலையில் என்ன செய்வான்? அந்த வெட்கத்தை சான் முகத்தில் கொண்டுவருகிறார். படுக்கையில் போய்விட்ட நோயாளி நர்ஸைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். அது தெரியாதவர்களால் இதை நடிக்க முடியாது. குரல் கூட அவருக்கு மெலிந்துவிட்டது. பட்டினியில் குரலும் இளைக்கும் என்பதைப் பல படங்கள் மறந்துவிடுகின்றன.

முகாமின் அன்றாடத்தை ஹெர்சாக் பொறுமையாகக் காட்டுகிறார். ஆணியைக் கொண்டு விலங்கைத் திறக்கப் பழகுவது, சோற்றைக் காயவைத்துப் பதுக்குவது, மழைக்காலம் வரட்டும் என்று காத்திருப்பது. வேலியைத் தாண்டிவிடலாம். ஆனால் தண்ணீரில்லாத காட்டில் எத்தனை நாள் ஓடுவது? காவலர்களுக்கும் சாப்பாடு தீர்ந்துகொண்டே வருகிறது, அவர்களும் இளைத்தவர்கள்தான். கைதிகளைக் கொன்றுவிட்டு ஊருக்குப் போகலாமா என்று அவர்கள் பேசத் தொடங்குவது கொடூரத்தால் மட்டும் இல்லை, பசியாலும்தான். தப்பிக்கும் திட்டமும் ஒரு சாப்பாட்டு வேளையை நம்பித்தான் நிற்கிறது: காவலர்கள் சாப்பிடப் போகும்போது துப்பாக்கியைக் கூட எடுத்துப்போவதில்லை. நிஜத்திலும் அப்படித்தான் நடந்தது.

குறை சொல்லாமல் விட முடியாதது ஒன்று உண்டு. யாருக்கும் கால் வீங்கவில்லை. நீண்ட பட்டினியில் உடம்பு வற்றுவது மட்டும் இல்லை, பாதமும் முகமும் நீர் கோத்து ஊதும். அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். வெறும் சோற்றிலேயே கிடந்த போர்க்கைதிகளுக்கு பெரிபெரி, அதாவது பி1 வைட்டமின் குறைவால் வரும் நோய், வந்தது இரண்டாம் உலகப்போர் முகாம்களில் நன்றாகப் பதிவான விஷயம். எடை குறைத்த நடிகரிடம் வீக்கத்தைக் கொண்டுவர முடியாது, அதற்கு ஒப்பனைதான் வேண்டும். எல்லாவற்றையும் நிஜமாகவே செய்வோம் என்ற பிடிவாதத்தில் ஒப்பனையால் மட்டுமே முடிகிற ஒரு நிஜத்தை விட்டுவிட்டார்கள் போல. பற்களும் கொஞ்சம் சுத்தம்தான்.

அப்புறம் ஜீன். படத்தில் அவர் பாதி புத்தி பேதலித்தவர். எப்படியும் விடுதலை வரும் என்று ஜபித்துக்கொண்டே இருப்பார். தப்பிக்க முயன்றால் கத்திக் காட்டிக்கொடுத்துவிடுவேன் என்று மிரட்டுவார். டேவிஸ் இதை அவ்வளவு நன்றாகச் செய்கிறார், நமக்கு அவரைப் பிடிக்காமல் போகிறது. ஆனால் யூஜின் டெப்ருயின் என்ற அந்த மனிதர் நிஜமாக இருந்தவர். 1963 செப்டம்பரில் விழுந்த, சி.ஐ.ஏ.வுக்காக ஓடிய ஏர் அமெரிக்கா நிறுவனத்தின் விமானத்தில் வந்தவர். அவரோடு அடைபட்டுக் கிடந்து உயிர் பிழைத்த தாய்லாந்துக்காரர் பிசிட் இந்தாரதத்தும் டெப்ருயின் குடும்பமும் படம் வந்ததும் வெளிப்படையாக மறுத்தார்கள். தன் சாப்பாட்டைப் பகிர்ந்துகொண்டவர், மற்ற கைதிகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர், தப்பிய நாளில் நோயாளி ஒருவரை விட்டுப் போக மனமில்லாமல் பின்தங்கியவர் என்று அவர்கள் சொல்கிறார்கள். அவர் திரும்பி வரவே இல்லை. படம் முடிந்த பிறகுதான் தனக்கு இது தெரியவந்தது என்று ஹெர்சாக் சொன்னார்.

எனக்கு இது சமாதானமாகவில்லை. நிஜப் புழுவைத் தேடிப் பிடித்துக் கொண்டுவர முடிந்தவர்களுக்கு, நிஜத்தில் அங்கே இருந்த ஒருவரைத் தேடிப் போய்ப் பேச முடியாதா? அதுவும் அந்த ஒருவர் படப்பிடிப்பு நடந்த அதே நாட்டுக்காரர். வார்டில் நோயாளியைத் தனியாக விட்டுப் போகாத துணையாளைப் பார்த்தால் எனக்கு ஒரு மரியாதை வரும். அப்படிப்பட்ட ஒருவரைக் காட்டிக்கொடுப்பவராக வைத்ததை டேவிஸின் எந்தத் தியாகமும் சரிக்கட்டாது. பாவம் டேவிஸ், அவருக்கு எழுதிக் கொடுத்ததைத்தான் நடித்தார்.

முடிவும் எனக்குப் பிடிக்கவில்லை. காட்டில் இருந்தவரை இசையைக்கூட அளந்து ஊற்றிய படம், கப்பலுக்கு வந்ததும் கைதட்டலும் ஆரவாரமுமாக மாறுகிறது. இவ்வளவு வற்றியவருக்கு முதல் வேளைச் சோற்றிலேயே ஆபத்து இருக்கிறது. வயிறு நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் உப்புகள் தாறுமாறாகி இதயமே நின்றுபோகும். முகாம்களில் இருந்து விடுதலையானவர்கள் அப்படிச் செத்திருக்கிறார்கள். அந்த நாட்கள் படத்தில் இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் பார்க்கலாம் என்றுதான் சொல்வேன், சிறு பிள்ளைகள் இல்லாத நேரத்தில். பார்த்த கையோடு ஹெர்சாக் 1997இல் டெங்க்ளரையே வைத்து எடுத்த 'லிட்டில் டீட்டர் நீட்ஸ் டு ஃப்ளை' ஆவணப்படத்தையும் பாருங்கள். அதில் நன்றாகச் சாப்பிட்டு வயதான மனிதர் ஒருவர் மறுபடி கையைக் கட்டிக்கொண்டு காட்டில் ஓடிக் காட்டுகிறார். வீட்டுத் தரைக்கடியில் அரிசியும் மாவும் தேனும் சேமித்து வைத்திருக்கிறார். வாசல் கதவைத் திரும்பத் திரும்பத் திறந்து மூடுவார். அந்தக் கதவுப் பழக்கம் ஹெர்சாக் ஏற்பாடு செய்ததுதான். ஆனால் அதில் டெங்க்ளரே நின்று, சம்மதித்து, தன் கையால் செய்கிறார். அரிசி அவர் தானாகச் சேர்த்தது.