கழுவி வைப்பதா, உலர வைப்பதா? சந்தைக் காய்க்குக் குமரி வீட்டில் ஏற்ற வழி

வடசேரிச் சந்தையிலிருந்தோ மார்த்தாண்டத்திலிருந்தோ காய்ப்பை வீடு வந்து சேர்ந்ததும் இரண்டு பழக்கங்கள் மோதிக்கொள்ளும். வந்த கையோடு எல்லாவற்றையும் அலம்பி ஃபிரிட்ஜில் அடுக்குவது ஒன்று. காய்களை இனம் பிரித்து உலர்வாக வைத்து, சமைக்கும்போது மட்டும் கழுவுவது மற்றொன்று. நம் மாவட்டத்துக்கு இரண்டாவதுதான் ஏற்றது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இந்த மாதங்களில் கொடியில் போட்ட துணியே காய்வதில்லை. வெண்டைக்காயின் காம்பிடுக்கில் தங்கிய தண்ணீர் எப்படிக் காயும்?

முன்பே கழுவுவதும் பின்பு கழுவுவதும்

காயின் தோலில் மெல்லிய மெழுகுப் பூச்சு இயற்கையாகவே இருக்கிறது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறாமலும் வெளியே இருக்கும் கிருமி உள்ளே நுழையாமலும் காப்பது அதுதான். தேய்த்துக் கழுவும்போது அது கொஞ்சம் போய்விடுகிறது. மிச்சமிருக்கும் ஈரத்தில் பாக்டீரியா பெருகி, செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டினைக் கரைக்கும். பயறும் (நீளக் காராமணிக்காய்) வெண்டைக்காயும் இரண்டாம் நாளே கொழகொழவென்று ஆவது இதனால்தான். ஒரே கவரில் அழுகிய காய் ஒன்று இருந்தால் போதும், பக்கத்தில் இருப்பதும் கெடும். எனவே வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை கழுவுவதல்ல, பொறுக்குவது. அடிபட்டது, கீறல் விழுந்தது, நுனி கறுத்தது எல்லாவற்றையும் தனியே எடுத்து அன்றைய குழம்புக்கு வைத்துவிட வேண்டும். மீதியை முறத்திலோ பாயிலோ பரப்பி மின்விசிறிக்கு அடியில் அரை மணி நேரம் விட்டால் சந்தையில் தெளித்த தண்ணீரும் உலர்ந்துவிடும்.

சமைக்கும்போது கழுவுவதில் அவசரம் கூடாது. ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவ வேண்டும். மண் ஒட்டிய கிழங்குக்கு நார் போட்டுத் தேய்க்கலாம். சோப்பு, பாத்திரம் கழுவும் திரவம் எதுவும் வேண்டாம். காய் அதை உறிஞ்சிக்கொள்ளும். மஞ்சள் தண்ணீரில் போட்டால் பூச்சிமருந்து முழுவதும் போய்விடும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். தோலின் மேல் படிந்ததில் ஒரு பகுதி தேய்த்துக் கழுவுவதால் போகும். செடி உறிஞ்சி உள்ளே ஏற்றிய மருந்து எந்தத் தண்ணீருக்கும் வராது. ஆனால் காலிஃபிளவருக்கு உப்புத் தண்ணீர் உண்மையாகவே பயன்படும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி உப்புப் போட்டு, பூவைப் பிரித்துப் பத்து நிமிடம் அமிழ்த்தி வைத்தால் இடுக்கில் இருக்கும் புழுக்கள் வெளியே வந்துவிடும்.

விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் வீடுகளில் கீரையை முன்பே கழுவித்தான் ஆக வேண்டும் என்றால், அதற்கும் வழி உண்டு. வேரை நறுக்கி, மஞ்சளித்த இலைகளைக் களைந்து, மண் அடியில் தங்காத வரை தண்ணீரை மாற்றி மாற்றி அலசுங்கள். பிறகு கூடையில் வடியவிட்டு, துவர்த்தின் (துண்டின்) மேல் பரப்பி விசிறிக்குக் கீழே ஒரு மணி நேரம். தொட்டால் கையில் ஈரம் ஒட்டாத பிறகே டப்பாவில் அடைக்க வேண்டும். இரண்டு நாள் தாங்கும். கழுவாமல் உலர்வாகச் சுற்றி வைத்தால் மூன்று நாள். அன்று மாலை வாங்கி மறுநாள் காலையில் சமைப்பதென்றால் ஃபிரிட்ஜே தேவையில்லை. வேர் மட்டும் நனையும்படி கிண்ணத் தண்ணீரில் நிறுத்தி வைத்தால் போதும்.

சேனைக்கு மட்டும் முன்பே தண்ணீர் காட்டவே கூடாது. அதில் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. ஈரக் கையோடு வெட்டினால் அரிப்பு கூடும். உலர்ந்த மண்ணைத் தட்டிவிட்டு, கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு தோலைச் செதுக்கிய பிறகு கழுவுவதே சரி.

பத்திரிகைத்தாள், பிளாஸ்டிக் கவர், பழைய துவர்த்து

பத்திரிகைத்தாள் ஈரத்தை நன்றாக உறிஞ்சும், அதனால்தான் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அச்சு மையில் உடலுக்கு ஆகாத பொருள்கள் உண்டு. பத்திரிகைத்தாளில் உணவுப் பொருளைப் பொதிய வேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2016-ல் அறிவுறுத்தியது. தோல் சீவும் கேரட்டுக்கு அது பெரிய ஆபத்தில்லை என்று வாதிடலாம். ஈரக் கீரைக்கு வேண்டவே வேண்டாம். மெல்லிய பிளாஸ்டிக் கவரில் காய் மூச்சுவிடும் ஈரம் உள்ளேயே முத்து முத்தாகக் கோத்துக்கொள்ளும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடையும் இருக்கிறது. நன்றாகத் துவைத்துக் காயவைத்த பழைய பருத்தித் துவர்த்து இரண்டையும் வெல்லும். கூடுதல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், காயை வாடவும் விடாது. ஒரே குறை, துணியில் மட்டும் சுற்றி வைத்தால் நான்கைந்து நாளில் கேரட் தளர்ந்துவிடும். அதற்குத் துணியோடு மூடியுள்ள டப்பாவில் வைக்க வேண்டும். துணி ஈரமாகிவிட்டால் மாற்ற வேண்டும்.

ஃபிரிட்ஜுக்கு உள்ளேயா, வெளியேயா

இங்கே பிரிக்க வேண்டியது மலைக்காய், நாட்டுக்காய் என்று. கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், காலிஃபிளவர் குளிரை விரும்புபவை. 4 டிகிரியில் வாரக்கணக்கில் இருக்கும். கேரட், பீட்ரூட்டின் தலையில் இலை இருந்தால் கிள்ளிவிடுங்கள், அது கிழங்கின் நீரை இழுக்கும். கத்தரிக்காய், வெள்ளரிக்காய், வாழைக்காய், சீனிக்கிழங்கு ஆகியவை வெப்ப நாட்டுப் பிறவிகள். 10 டிகிரிக்குக் கீழே சில நாள் வைத்தாலே கத்தரிக்காயில் குழி விழும், விதை பழுப்பாகும்; வெள்ளரி நீர்த்துப்போகும். வாழைக்காயின் தோல் கறுக்கும். இவற்றைக் காற்றோட்டமான நிழலில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்ப்பதே நல்லது. வெளியே வைக்க முடியாத அளவு வெயில் என்றால், கத்தரியையும் வெண்டையையும் துணியில் சுற்றி அடியில் இருக்கும் காய்கறித் தட்டில் வையுங்கள்; குளிர்காற்று வரும் மேல்தட்டில் வேண்டாம்.

முழுத் தடியங்காயும் (வெள்ளைப் பூசணி) பூசணியும் ஒன்றையொன்று தொடாமல் தரையில் பலகை போட்டு வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. வெட்டினால் கதை வேறு: விதையும் பஞ்சும்தான் முதலில் அழுகும். அவற்றை வழித்தெடுத்து, வெட்டுமுகத்தை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள். உருளைக்கிழங்கை ஃபிரிட்ஜில் வைத்தால் மாவு சர்க்கரையாக மாறி, வறுக்கும்போது கறுத்துப்போகும். இருட்டில், வெங்காயத்துக்குத் தள்ளி வையுங்கள். மட்டி வாழைக் குலையோ ஏத்தன் வாழைக் குலையோ பழுக்கத் தொங்கும் மூலையில் கீரை, வெள்ளரி, பாவக்காய் எதுவும் இருக்கக் கூடாது. பழம் விடும் எத்திலீன் வாயு அவற்றை மஞ்சளாக்கிவிடும்.

ஃபிரிட்ஜை மட்டும் நம்பும் அடுக்களைக்கு இங்கே ஆபத்தும் உண்டு. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது மாவட்டத்தின் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் வரவில்லை. மழைக்காலத்தில் சேனை, காய்ச்சில் (பெருவள்ளிக்கிழங்கு), சேம்பு, தடியங்காய் என்று வெளியே இருக்கும் காய்கள் எப்போதும் கைவசம் இருக்கட்டும்.

மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு): மண்ணிலா, தண்ணீரிலா, வெயிலிலா

கிழங்கு என்றால் நாள்பட இருக்கும் என்ற கணக்கு மரச்சீனிக்குப் பொருந்தாது. பிடுங்கி ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உள்ளே நீலக்கறுப்புக் கோடுகள் ஓடத் தொடங்கும். இது முதலில் கிருமியால் வருவதல்ல; பிடுங்கும்போது பட்ட காயத்தில் காற்று புகுந்து நடக்கும் மாற்றம். ஆகவே, காற்றை எவ்வளவு தடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வாங்கும்போதே முனையை ஒடித்துப் பாருங்கள். சுத்த வெள்ளையாக இருக்க வேண்டும்.

முற்றம் உள்ள வீட்டில் காயம்படாத கிழங்கை ஈர மணலில் புதைப்பது எளிது. சில நாள் கூடுதலாகக் கிடைக்கும். தோலுரித்துத் துண்டு போட்டு, தண்ணீரில் மூழ்க ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள், தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும். அதிகம் வாங்கிவிட்டால் ஃப்ரீசரே சிறந்தது: துண்டுகளைத் துடைத்துக் காற்றில்லாமல் பையில் அடைத்தால் இரண்டு மாதம் இருக்கும், உருகவிடாமல் நேராகக் கொதிக்கும் தண்ணீரில் போடுங்கள், உருகினால் சதசதவென்று ஆகும். கோடையில் வாட்டி உலர்த்துவது எல்லாவற்றையும்விட நீண்டு நிற்கும். மெல்லிய வில்லைகளாக அரைவேக்காடு வேகவைத்து வடித்து, ஒடித்தால் பட்டென்று முறியும்வரை வெயிலில் காயவைத்துத் தகரத்தில் அடைக்கலாம். மழை மாதங்களில் இதை முயல வேண்டாம், பூசணம் பிடிக்கும். எந்த வழியில் வைத்தாலும் நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்; கசப்பு ரகங்களில் சயனைடு கூடுதல்.

அவியலுக்கு முந்தின இரவே நறுக்கலாமா

பாதி நறுக்கலாம். பயறு, கேரட், சேனை, புடலங்காய் மூடிய டப்பாவில் மறுநாள் காலைவரை நன்றாக இருக்கும். ஏத்தங்காயும் கத்தரிக்காயும் காலையில்தான், வெட்டியதும் கறுக்கும். நறுக்கியவுடன் மஞ்சள் கலந்த தண்ணீரில் போட்டால் கறுப்பு குறையும், ஆனால் இரவெல்லாம் ஊறவைத்தால் வைட்டமின் சி-யும் சுவையும் தண்ணீரோடு போய்விடும். முருங்கைக்காய்க்கு மட்டும் முன்கூட்டி நறுக்குவதே லாபம். முழுசாக விட்டால் நார் முற்றி வற்றிப்போகும். விரல் நீளத்துக்கு வெட்டி டப்பாவில் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம். அதற்கு மேல் வேண்டுமென்றால் கொதிக்கும் தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டெடுத்து, உடனே குளிர்ந்த தண்ணீரில் ஆறவைத்து, துடைத்து ஃப்ரீசரில் வையுங்கள்.