தருமியா, பிணமா? நாகேஷின் இரண்டு முகங்கள்

நாகேஷ் படங்களைத் தேடித் தேடிப் பார்ப்பவன் நான். எனக்கு எப்போதும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றும் வேடங்கள் இரண்டு: 1965-இல் வந்த 'திருவிளையாடல்' தருமி, 1994-இல் வந்த 'மகளிர் மட்டும்' பிணம்.

தருமியிடம் இருப்பதெல்லாம் பேச்சு. ஆயிரம் பொன்னுக்காகக் கோயிலில் தனியே நின்று புலம்பும்போது குரல் ஏறுகிறது, உடைகிறது, கெஞ்சுகிறது. ஒல்லியான அந்த உடம்பும் வார்த்தைகளோடு சேர்ந்து துடிக்கிறது. எதிரே சிவாஜி சிவனாக நிற்கிறார். ஆனாலும் என் கண் நாகேஷை விட்டு நகராது. சபையில் பாட்டில் குற்றம் என்றதும், பிழைக்கு ஏற்றபடி பரிசைக் குறைத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சுகிறாரே, அங்கே சிரிப்பும் வரும், வயிற்றுப்பாட்டின் வலியும் தெரியும். இரண்டையும் ஒரே மூச்சில் தருவது சாதாரண வேலையா?

சரி, அந்தக் குரலையே எடுத்துவிட்டால்? ரேவதி, ஊர்வசி, ரோகிணி மூவரும் மருத்துவமனையிலிருந்து ஆள் மாற்றித் தூக்கிச் செல்லும் பிணமாக, 60 வயதில் நாகேஷ். வசனம் கிடையாது, கண் அசைவும் கிடையாது. இழுத்த பக்கம் சாய்வது, விட்டால் சரிவது, அவ்வளவுதான். அந்தச் சரிவிலும் தாளம் இருக்கிறது.

நாகேஷை முதன்முதலாகப் பார்க்கப்போகிறவருக்குத் தருமியைத்தான் காட்டுவேன். நடிப்பின் கடினம் என்று கேட்டால், என் ஓட்டு பிணத்துக்கே. உயிருள்ள ஒருவர் மூச்சையும் மறைத்துக்கொண்டு நம்மைச் சிரிக்கவைக்கிறார்.