லோடு ஆட்டோவுக்கு எந்த பேட்டரி: எல்.எஃப்.பி.யா, என்.எம்.சி.யா?

தண்ணீர் கேன் போடும் தொழிலுக்கு மின்சார லோடு ஆட்டோ எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. அப்போது இரண்டு வண்டிகள் பார்த்து வைத்திருந்தேன். ஒன்றில் எல்.எஃப்.பி., அதாவது இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த லித்தியம் பேட்டரி. இன்னொன்றில் நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த என்.எம்.சி. நான் எடுத்தது முதல் வண்டி, அதனால் என் பேச்சும் அந்தப் பக்கம்தான் சாயும்.

எல்லோரும் சொல்வதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். என்.எம்.சி. எடை குறைவு, அதே எடைக்கு அதிக தூரம் போகும். எல்.எஃப்.பி. சூட்டை நன்றாகத் தாங்கும், விலையும் கொஞ்சம் குறைவு.

என்னை முடிவெடுக்க வைத்தது ஆயுள் கணக்கு, அதாவது சுரங்கத்தில் தொடங்கி பேட்டரி ஓடி முடிக்கும்வரை வரும் புகையின் கணக்கு. 10 யூனிட் மின்சாரம் பிடிக்கும் என்.எம்.சி. பேட்டரி, நிக்கல் அதிகமுள்ள 811 வகை என்றால், அதில் ஏழு கிலோ சொச்சம் நிக்கலும் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கோபால்ட்டும் இருக்கும். உலக நிக்கலில் பாதிக்கு மேல் இந்தோனேசியாவில் வெட்டப்படுகிறது. அங்கே சுலவேசித் தீவின் உருக்காலைகள் பலவும் நிலக்கரி மின்சாரத்தில் ஓடுகின்றன. கோபால்ட்டில் பெரும்பங்கு காங்கோவிலிருந்து வருகிறது. எல்.எஃப்.பி.யில் இந்த இரண்டும் கிடையாது. லித்தியம் மட்டும் இரண்டுக்குமே ஒரு கிலோ அளவில் வேண்டும்.

சுரங்கப் புகையும் ஆலைப் புகையும் ஒரே தடவை வருவது. அதை யூனிட்டுக்கு வகுப்பதைவிட, பேட்டரி ஓடி முடிக்கும் கிலோமீட்டருக்கு வகுப்பதுதான் நியாயம். என் வண்டிக்கு வருடத்தில் 300 நாள், தினம் ஒரு சார்ஜ், ஏறக்குறைய 80 கிலோமீட்டர். என்.எம்.சி. 1,000 சார்ஜ் வரை நன்றாக ஓடும் என்று வைத்தால் மூன்று வருடம் சொச்சம், 80,000 கிலோமீட்டர். எல்.எஃப்.பி. 2,000 தாண்டும், அப்படியானால் 1,60,000. புகை குறைவாக வந்த பேட்டரி இரட்டிப்பு தூரமும் ஓடுகிறது. ஓட்டும்போது செலவாகும் மின்சாரம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அது நம் ஊர் நிலக்கரிக் கணக்கில் போகும்.

ஆனால் என் மச்சான் ஸ்கூட்டருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. தினம் 25 கிலோமீட்டர், மூன்று நான்கு நாளுக்கு ஒரு சார்ஜ். ஆயிரத்தை எட்டவே பத்து வருடம் ஆகும், அதற்குள் பேட்டரி வயதாகியே தளர்ந்துவிடும். அவர் என்.எம்.சி. எடுத்தார், நான் மறுத்துப் பேசவில்லை.

எனக்கும் குறைகள் உண்டு. மீட்டரில் காட்டும் சதவீதத்தை நம்ப முடியாது. ஒரு நாள் 18 காட்டிக்கொண்டிருந்தது, மேம்பாலம் ஏறுவதற்குள் 6 ஆகிவிட்டது, அறுபது கேனோடு ஓரங்கட்டினேன். எல்.எஃப்.பி.யில் வோல்டேஜ் கடைசிவரை பெரிதாக இறங்காது, அதனால் மீட்டருக்கு மிச்சம் எவ்வளவு என்று கணிப்பது கஷ்டம். வாரம் ஒரு தடவை முழுதாக 100 வரை ஏற்றினால் சரியாகிறது. அப்புறம், இரும்பு எங்கும் கிடைக்கும் என்பதால் பேட்டரியும் எங்கும் கிடைக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. இதன் நேர்முனைக்கான கேத்தோடு பொடி அநேகமாக முழுக்கச் சீனாவில்தான் தயாராகிறது.

இதுவரை 600 சார்ஜ் ஆகியிருக்கிறது, தூரம் குறைந்ததாகத் தெரியவில்லை. 2,000 என்பது இன்னும் காகிதக் கணக்குதான், ஐந்தாம் வருடம் வேறு மாதிரி எழுத வேண்டி வரலாம்.

பழைய பேட்டரி எடுப்பவரிடமும் கேட்டுப் பார்த்தேன். என்.எம்.சி. என்றதும் கிலோவுக்கு விலை சொன்னார். எல்.எஃப்.பி. என்றதும், "அதுல என்னண்ணே இருக்கு, இரும்புதானே?" என்றார். அதனால் விற்கும் எண்ணமில்லை. வண்டிக்கு ஆகாத நிலைக்கு வந்ததும் இறக்கி, கடை மாடியில் இருக்கும் சோலாருக்கு மாட்டிவிடலாம் என்று இருக்கிறேன்.