படிவமா, பரிசோதனையா, துண்டுச் சீட்டா?

தன் வகுப்பைத் தானே ஆராய நினைக்கும் கல்லூரி ஆசிரியருக்கு எட்டும் தூரத்தில் மூன்று வழிகள் இருக்கின்றன. பருவ முடிவில் மாணவர் நிரப்பும் கருத்துப் படிவம் ஒன்று. இரு பிரிவுகளை ஒப்பிடும் பரிசோதனை அடுத்தது. சீட்டும் குறிப்பேடுமாக வாராவாரம் நடத்தும் செயலாய்வு மூன்றாவது. சேலத்தில் இளநிலை வகுப்புகளுக்குப் புள்ளியியல் நடத்தும் நான் மூன்றாவதைப் பிடித்துக்கொண்டவன். அந்தச் சாய்வோடுதான் எழுதுகிறேன்.

படிவத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் குழுவுக்குக் காட்ட எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறது. பருவம் முடிந்தபின் வருவதால் எழுதிய மாணவருக்கே பயன்படாது. திருப்தியும் கற்றலும் ஒன்றல்ல என்பது அதைவிடப் பெரிய சிக்கல். 2019இல் வெளியான ஹார்வர்டு இயற்பியல் வகுப்பு ஆய்வில், தாங்களே கணக்கைப் போட்டுப் பார்த்த மாணவர்கள் தேர்வில் கூடுதலாக மதிப்பெண் எடுத்தார்கள். ஆனால் சரளமான விரிவுரையில்தான் அதிகம் கற்றதாக அவர்களுக்குப் பட்டது.

பரிசோதனைக்கு மதிப்பு உண்டு. முன்தேர்வு, பின்தேர்வு, இரு சராசரிகளின் வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் டி சோதனை என்று கட்டுரை கச்சிதமாக வரும். ஆனால் இரு பிரிவுகள் எங்கே சமமாக இருக்கின்றன? காலைச் சுழற்சியில் ஆத்தூர், ஓமலூர் பஸ்களில் வந்து இறங்குகிறார்கள். பிற்பகல் சுழற்சியில் பலர் கடையிலோ தறியிலோ வேலையை முடித்துவிட்டு வருகிறார்கள். மதிப்பெண் வித்தியாசம் என் முறையால் வந்ததா, அவர்கள் களைப்பால் வந்ததா?

செயலாய்வு, சமூக உளவியலாளர் குர்ட் லெவின் 1946இல் சமூகச் சிக்கல்களுக்காக எழுதியது. திட்டமிடு, செய், விளைவைப் பார், திருத்தித் திட்டமிடு என்ற சுற்று வகுப்பறைக்கும் பொருந்துகிறது. வகுப்பின் கடைசி இரண்டு நிமிடத்தில் சீட்டு வாங்குகிறேன்: இன்று புரிந்தது ஒன்று, புரியாதது ஒன்று. பெயர் எழுதக் கூடாது. அகமதிப்பெண் நம் கையில் இருக்கும்போது பெயர் போட்ட சீட்டில் உண்மை வராது.

எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதை, விலகல்களை வர்க்கமாக்கிச் சராசரி எடுத்து, வர்க்கமூலம் கண்டு சொல்வது திட்ட விலக்கம். அதை நடத்திய அன்று ஒரு சீட்டில் இப்படி இருந்தது: ‘கழித்தல் குறியை நீக்கத்தான் வர்க்கம் என்றால், குறியை மட்டும் அழித்தால் போதாதா?’ அடுத்த வகுப்பில் செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையை எடுத்துக்கொண்டேன். ஒரு தட்டில் நான்கு கொலுசுகள். இரண்டு சரியான எடையைவிட 2 கிராம் கூட, இரண்டு 2 கிராம் குறைவு. இன்னொரு தட்டில் இரண்டு சரியான எடை, ஒன்று 4 கிராம் கூட, ஒன்று 4 கிராம் குறைவு. குறியை மட்டும் அழித்து எடுக்கும் சராசரி விலக்கம் இரண்டு தட்டுக்கும் 2தான். திட்ட விலக்கம் முதல் தட்டுக்கு 2, அடுத்ததற்கு 2.83. பெரிய பிழையை வர்க்கம் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அன்றைய சீட்டில் புதுக் கேள்வி முளைத்தது: ‘அப்படியானால் சராசரி விலக்கம் எதற்கு?’ இரண்டும் தேதியோடு குறிப்பேட்டில் ஏறின.

என் கணக்கில் முடிவைத் தீர்மானிப்பது ஒன்றே: பருவம் முழுக்கத் தாக்குப்பிடிக்குமா? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு. அதற்குமேல் விடைத்தாள், சேர்க்கைப் பணி, நாக் கோப்புகள். நடுவில் தேர்தல் பணி வந்தால் பரிசோதனையின் ஒழுங்கு குலைந்துவிடும். குறிப்பேடு ஒரு வாரம் விட்டுப்போனாலும் அடுத்த வாரம் தொடர்கிறது. சீட்டுகளை ஐந்து ரோட்டில் பஸ் ஏறி வீடு சேர்வதற்குள் படித்துவிடலாம். ஆனால் ஒரே வகுப்பு, வாரம் ஒரு நாள் என்று நிறுத்திக்கொள்ள வேண்டும். தினமும் கேட்டால் ‘எல்லாம் புரிந்தது’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் பிடிக்க ஓடிவிடுவார்கள்.

குறிப்பேட்டில் பதிவது என் கண்ணுக்குப் பட்டது மட்டுமே. சக ஆசிரியரைப் பின்வரிசையில் உட்காரவைப்பது இதற்கு மாற்று. அதில் எனக்கு அனுபவம் குறைவு. வேறு துறைக்காரரை அழைத்தால் தயக்கம் குறையலாம் என்று தோன்றுகிறது. பணி உயர்வுக்கு அவசரமாகக் கட்டுரை வேண்டுபவர் பரிசோதனைக்கே போகட்டும். எந்த வழியானாலும், மாணவர் எழுதியதைக் கட்டுரையில் எடுத்தாள்வதாக இருந்தால் பருவத் தொடக்கத்திலேயே எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிட வேண்டும். மறுத்தவர் யார் என்பதை அகமதிப்பெண் போட்டு முடியும்வரை பார்க்காமல் இருப்பது நல்லது.