வலிப்பு மாத்திரையும் தோலும்: முதல் 8 வாரங்களும் அதற்குப் பிந்தைய ஆண்டுகளும்

கார்பமாசெபைன், ஃபெனிட்டாய்ன், ஃபீனோபார்பிட்டோன், லாமோட்ரிஜின், ஆக்ஸ்கார்பசெபைன். தோல் ஒவ்வாமைக்குப் பேர்போன வலிப்பு மாத்திரைகள் இவைதான். லெவெடிராசெடாம், வால்ப்ரோயேட் இரண்டிலும் இந்தத் தொல்லை மிகக் குறைவு. கடுமையான ஒவ்வாமை பெரும்பாலும் முதல் 8 வாரங்களுக்குள் வந்துவிடும். ஆண்டுக்கணக்கில் ஒரே மாத்திரையில் இருப்பவருக்குத் திடீரெனத் தடிப்பு வந்தால், அண்மையில் சேர்ந்த வேறு மருந்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

லாமோட்ரிஜினில் வேகமே வினை. பெரியவர்களுக்கு இதை மட்டும் கொடுக்கும்போது முதல் 2 வாரம் தினம் 25 மி.கி., அடுத்த 2 வாரம் 50 மி.கி., பிறகு மெதுவாக ஏற்றம். கூடவே வால்ப்ரோயேட் இருந்தால் 25 மி.கி. ஒருநாள் விட்டு ஒருநாள்தான். வால்ப்ரோயேட், லாமோட்ரிஜின் கழிவதைத் தடுத்து ரத்தத்தில் அதன் அளவை ஏறக்குறைய இரு மடங்காக்கிவிடுகிறது. பலரும் தவறுவது இன்னோர் இடத்தில்: மாத்திரை தீர்ந்து 5 நாளுக்கு மேல் விட்டுப்போனால், பழைய முழு டோஸை அப்படியே தொடங்கவே கூடாது. மருத்துவரிடம் சொல்லி மறுபடி அடியிலிருந்து ஏற வேண்டும். சலிப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் குறுக்குவழி கிடையாது.

கார்பமாசெபைனில் மரபணுவும் சேர்ந்துகொள்கிறது. எச்.எல்.ஏ.-பி 15:02 என்ற மரபணு வகை ஆசிய வம்சாவளியினரிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. அது உள்ளவர்களுக்கு ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் (தோலும் வாய், கண் உட்பரப்பும் கொப்புளித்து உரியும் கடும் ஒவ்வாமை) வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். தொடங்கும் முன் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007இல் எச்சரித்தது. முடிவு 'இல்லை' என்று வந்தாலும் கவனம் குறையக் கூடாது. மற்ற மரபணு வகைகளும் உண்டு.

தடிப்பு தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரை அழையுங்கள். அடுத்த வேளை மாத்திரை வரும்வரை காத்திருக்க வேண்டாம். வலிப்பு மாத்திரையைச் சட்டென நிறுத்தினால் விடாத வலிப்பு வரலாம். அதனால் ஒன்றை நிறுத்தும்போதே லெவெடிராசெடாம் போன்ற மாற்று மருந்தைத் தொடங்குவார்கள். காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, தொட்டாலே வலிக்கும் தோல், கொப்புளம், முக வீக்கம், கழுத்தில் நெறிக்கட்டி: இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அந்த மாத்திரையின் அடுத்த டோஸை விழுங்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அரிப்பு மாத்திரை போட்டு ஓரிரு நாள் பார்ப்போம் என்று இருப்பது இங்கே உயிருக்கே ஆபத்து. தோல் பெரிதாகக் கெடாமலே கல்லீரல் பாதிக்கும் டிரெஸ் என்ற ஒவ்வாமையும் உண்டு. ரத்தத்தில் ஈசினோபில் (ஒரு வகை வெள்ளையணு), கல்லீரல் நொதி அளவுகளைப் பார்த்தால்தான் அது பிடிபடும். மருந்தை நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் நீடிக்கும்.

கார்பமாசெபைன் ஒத்துக்கொள்ளாதவர்களில் சுமார் கால்வாசிப் பேருக்கு ஆக்ஸ்கார்பசெபைனும் ஒத்துக்கொள்ளாது. ஃபெனிட்டாய்ன், ஃபீனோபார்பிட்டோனும் இப்படி ஒத்துக்கொள்ளாமல் போகலாம். எனவே எந்த மருந்து, எந்தத் தேதி, என்ன அறிகுறி என்பதை ஒரு சீட்டில் எழுதிக் கையோடு வைத்திருங்கள். வணிகப் பெயர் மாறும். மூலப்பெயரை எழுதுவதே பயன். தடிப்பை நாள்தோறும் படம் எடுத்து வைத்தால் மருத்துவருக்குப் பரவும் வேகம் புரியும். முதல் 2 மாதம் புதுச் சோப்பு, தலைச்சாயம் வேண்டாம். தடிப்பு வந்தால் காரணம் குழம்பிவிடும்.

ஆண்டுகள் போனபின் வரும் மாற்றங்கள் வேறு ரகம். ஃபெனிட்டாய்னில் ஈறு தடித்து வளரும், முகத்தில் முடி கூடும். பல் சுத்தம் நன்றாக இருந்தால் ஈறு வளர்ச்சி மட்டுப்படும். பல் மருத்துவரிடம் மருந்தின் பெயரைச் சொல்லிவிடுங்கள். வால்ப்ரோயேட்டில் முடி கொட்டலாம். டோஸைக் குறைத்தாலோ மருந்தை மாற்றினாலோ பெரும்பாலும் திரும்ப முளைக்கும். டோபிராமேட்டும் சோனிசாமைடும் வியர்வையைக் குறைக்கும். குறிப்பாகக் குழந்தைகளுக்கு வெயிலில் உடல் சூடு ஏறிவிடும். நிழலும் தண்ணீரும் கட்டாயம்.