நிலம் கையில் நிற்க எந்த சாப்டர்? அமெரிக்க விவசாயியின் திவால் வழிகள்

அமெரிக்காவில் கடனில் மூழ்கிய விவசாயி மஞ்சள் கடுதாசி கொடுக்க நான்கு வழி உண்டு: திவால் சட்டத்தின் 7, 11, 12, 13 ஆகிய சாப்டர்கள். இதில் 7 என்றால் சொத்தை விற்றுக் கணக்கை முடிப்பது. தொடர்ந்து உழ நினைப்பவருக்கு அது ஆகாது, விட்டுவிடலாம்.

அயோவாவில் ஒரு மக்காச்சோளப் பண்ணை என்று வைத்துக்கொள்வோம். நிலத்தின் மேல் வங்கிக் கடன் 12 லட்சம் டாலர். விலை சரிந்து, நிலம் இன்று 8 லட்சம்தான் பெறும். விதைக்கடை, உரக்கடை பாக்கி தனி.

சாப்டர் 13 செலவு குறைவு. ஆனால் மாதச் சம்பளக்காரரை மனதில் வைத்து எழுதியது. கடனை நிலத்தின் இன்றைய மதிப்புக்குக் குறைத்தால், அந்த 8 லட்சத்தைப் பெரும்பாலும் ஐந்தே ஆண்டில் அடைக்கச் சொல்வார்கள். மக்காச்சோளம் விற்று நடக்கிற காரியமா அது?

சாப்டர் 11 பெரிய கம்பெனிகளின் பாதை. கடன் உச்சவரம்பு கிடையாது. ஆனால் கடனை எப்படி அடைப்பது என்ற திட்டத்தின் மேல் கடன் கொடுத்தவர்கள் வாக்களிப்பார்கள். உரக்கடைக்காரர் போல ஈடு இல்லாமல் கொடுத்தவர்கள் ஒன்றுசேர்ந்து மறுத்தால், அவர்கள் பாக்கியை முழுதாகக் கட்டாமல் நிலத்தை வைத்துக்கொள்வது கஷ்டம். மனுக் கட்டணமே 1,738 டாலர், சாப்டர் 12க்கு 278தான். வக்கீல் செலவு வேறு.

1980களின் பண்ணை நெருக்கடியில் இந்த இரண்டும் கைகொடுக்காததால்தான் 1986இல் சாப்டர் 12 வந்தது. தற்காலிகச் சட்டமாக வந்ததை நீட்டி நீட்டி, 2005இல் நிரந்தரமாக்கினார்கள். இங்கே கடன் கொடுத்தவர்களுக்கு வாக்கு இல்லை. நீதிபதி ஏற்றால் போதும். நம் பண்ணையில் 8 லட்சம் மட்டும் அடமானக் கடனாக நிற்கும்; அதை 20 ஆண்டுத் தவணையாகக்கூடப் பிரிக்கலாம். மிச்சம் 4 லட்சம் உரக்கடை பாக்கியோடு வரிசையில் சேரும். மூன்று முதல் ஐந்து ஆண்டு வரை, செலவு போக மிஞ்சும் வருமானத்தில் கிடைப்பதோடு சரி (சொத்தை ஏலம் விட்டிருந்தால் வந்திருக்கும் தொகைக்குக் குறையக் கூடாது). தவணையையும் மாதாமாதம் கட்ட வேண்டாம், அறுவடைப் பணம் வரும்போது கட்டலாம். வங்கிக்காரருக்குக் கசக்கத்தான் செய்யும்.

நிபந்தனைகள் உண்டு. மொத்தக் கடன் சுமார் 1.25 கோடி டாலருக்குள் இருக்க வேண்டும். கடனிலும் வருமானத்திலும் பாதிக்குக் குறையாமல் விவசாயத்தில் வந்ததாக இருக்க வேண்டும். கணவனோ மனைவியோ வாங்கும் வெளிச் சம்பளத்தில் வீடு ஓடுகிற குடும்பங்கள் பல இங்கேதான் தடுக்கி விழும். அவர்களுக்கு 11க்குள்ளேயே 2020 முதல் இருக்கும் ஐந்தாம் உட்பிரிவு பரவாயில்லை. ஏறக்குறைய 12ஐப் பார்த்து எழுதியதுதான், ஆனால் கடன் வரம்பு சுமார் 34 லட்சம்.

அப்புறம், 8 லட்சத்துக்கு வட்டி கட்டவே விளைச்சல் போதாது என்றால் 12 எடுத்தும் பயனில்லை, ஒரு பகுதி நிலத்தை விற்றே ஆக வேண்டும். அந்த நிலையிலும் மனுப் போடாமல் விற்பதைவிட 12க்குள் இருந்து விற்பதே மேல். 2017 திருத்தத்துக்குப் பிறகு, அந்த விற்பனையின் மூலதன ஆதாய வரி, முழுதாகக் கட்டியாக வேண்டிய முன்னுரிமையை இழந்து, உரக்கடை பாக்கியோடு ஒரே வரிசையில் நிற்கிறது.