ஆறு வருடப் பெஞ்சும் அடங்காத முழங்கால் பலகையும்

பக்கத்துப் பங்குக் கோயிலிலிருந்து இரண்டு பேர் டேப்போடு வந்து எங்கள் கத்தோலிக்கக் கோயில் பெஞ்சை அளந்துகொண்டு போனார்கள். "இதையே அச்சு மாறாமல் செய்துவிடலாமா?" என்று கேட்டார்கள். பெஞ்சைத் தாராளமாகச் செய்யுங்கள். பின்வரிசைக்காரர் மண்டியிட, பெஞ்சின் பின்னால் மடக்கி இறக்கும்படி தொங்குகிற முழங்கால் பலகையை மட்டும் இதே மாதிரி செய்துவிடாதீர்கள்.

மொத்தம் 24 பெஞ்ச், எட்டடி நீளம். ஆளுக்கு 18 அங்குலம் என்று ஐந்து பேர் உட்காரும் கணக்கு. இருக்கையும் சாய்வும் தேக்கு. பக்கப் பலகையும் நடுக்காலும் அயனி. குமரி மாவட்டத்தில் அயனிக்குத் தனியாகச் சிபாரிசு தேவையில்லை. தேக்கைவிட விலை குறைவு, கரையானும் லேசில் கிட்டே வராது. ஒரு பெஞ்சில் நிற்கும் மரம் நாலேகால் கன அடி. வெள்ளையும் (உறுதியில்லாத வெளிமரம்) வெடிப்பும் கழித்து வெட்டினால் ஆறு கன அடி வாங்க வேண்டிவரும். எடை 80 கிலோ சுமார்.

இருக்கைப் பலகையைச் செய்த ஆசாரிக்குக் கை எடுத்துக் கும்பிடலாம். 15 அங்குல அகலத்துக்கு ஒரே பலகை தேடி அலையாமல், ஐந்து அங்குலப் பலகை மூன்றை, மர வளையத்தின் வளைவு ஒன்றில் மேலே, அடுத்ததில் கீழே என்று மாற்றி மாற்றி வைத்து ஒட்டியிருக்கிறார். தேக்கில் எண்ணெய் இருப்பதால் ஒட்டுகிற விளிம்பைத் தின்னர் துணியால் துடைத்த பிறகுதான் பசை. அடியில் குறுக்கே போகும் தாங்குசட்டத்தில் முன்பக்கத் திருகு மட்டும் வட்டத் துளையில். பின்னால் உள்ள இரண்டும் நீள்துளையில். இரண்டு பருவமழையும் கொட்டுகிற ஊர் இது. சித்திரையில் ஒடுங்கும் பலகை ஐப்பசியில் 3 மி.மீ. வரை அகலும். அந்த நீள்துளை இல்லையென்றால் ஒட்டோ மரமோ ஒன்று பிளந்திருக்கும். ஆறு வருடத்தில் 24 இருக்கையில் ஒரு கீறல் கிடையாது.

இவ்வளவு யோசித்த கைதான் முழங்கால் பலகையையும் செய்ததா என்று ஞாயிறுதோறும் சந்தேகம் வருகிறது. பூசையில் குருவானவர் அப்பத்தை உயர்த்தும் நேரம், மணி அடிப்பதற்கு முன்னால் கோயிலே அடங்குமே, அப்போது பார்த்து "டம்... டம்டம்... டம்" என்று முன்னிருந்து பின்வரை இறங்கும். பூசை முடிவதற்குள் எங்கோ ஒன்று தானாக விழும். எட்டு கிலோ மரம். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வருகிற ஊரில் அது விழுவது வெறுங்காலில்.

குற்றம் வரைபடத்தில் இருக்கிறது. தூக்கி நிறுத்திய பலகை செங்குத்தைத் தாண்டி முன்பெஞ்சின் மேல் சற்றுச் சாய்ந்தால்தான் தானாக நிற்கும். வரைந்தபோது மரத்தின் தடிமனை மட்டும் கணக்கில் எடுத்தார்கள். அதன்மேல் இரண்டு அங்குல ஃபோமும் ரெக்ஸினும் ஏறியதும், மடக்கும்போது அந்த மெத்தை சாய்வின் அடிச்சட்டத்தில் முட்டிக்கொள்கிறது. பலகை நட்டக்குத்தலாக நின்றுவிடுகிறது. யாராவது கால் மாற்றி வைத்தால் போதும், விழுந்துவிடும்.

அடுத்தது, பலகை மடங்கித் திரும்பும் போல்ட். 8 மி.மீ. போல்ட்டை நேராக மரத்துளையில் ஓட விட்டிருக்கிறார்கள். துளைக்குள் தேய்மானம் தாங்கப் போடும் உலோகக் குழாயான புஷ் இல்லை. பலகை ஏறி இறங்கும்போது போல்ட்டும் கூடவே சுழன்று நட்டு கழன்றுகொள்ளும். ஒரு வருடத்தில் துளை முட்டை வடிவமாகிவிட்டது. தரை ஓடு மேடுபள்ளமாக இருக்கும் இடத்தில் இன்னும் மோசம்: பலகையின் கால் தரையைத் தொடாமல் இரண்டு மி.மீ. தூக்கி நின்றாலே, ஐந்து பேரின் எடையும் தரைக்குப் போகாமல் போல்ட்டில் தொங்கும். செய்தவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. பத்து நாள் திருவிழாவுக்குப் பெஞ்சை முற்றத்துக்குத் தூக்கும்போது முழங்கால் பலகையைப் பிடித்துத் தூக்குகிறவர்கள் நாங்கள்தான். 80 கிலோ அந்த இரண்டு போல்ட்டில்.

போன மாதம் பழுது பார்த்த முறை இது. பக்கப் பலகையின் அடிப்பகுதி பின்னால் அகன்றிருந்ததால் இடம் கிடைத்தது. பழைய துளையை அயனிக் குச்சியும் அரால்டைட்டும் வைத்து அடைத்து, இரண்டு அங்குலம் பின்னால் தள்ளிப் புதுத் துளை. அதில் பித்தளை புஷ், 10 மி.மீ. போல்ட், இரு பக்கமும் ஃபைபர் வாஷர், லேசில் கழலாத நைலாக் நட்டு. மண்டியிடும் இடம் மாறாமலிருக்க, பலகையைத் தாங்கும் கையை அதே இரண்டு அங்குலம் குறைத்தோம். கையில் உள்ள துளையை மட்டும் மேலுங்கீழும் 3 மி.மீ. நீட்டியாயிற்று, இப்போது எடை தரைக்குப் போகிறது. காலடி ரப்பரைப் பசையில் ஒட்டினால் மாப் தண்ணீரில் உரிந்துவிடும், திருகு தலையைப் புதைத்து முடுக்க வேண்டும். சாதா ஃபோம் ஒரு வருடத்தில் அப்பளமாகிவிட்டது. ஃபோம் துண்டுகளை அழுத்தி ஒட்டிய ரீபாண்டட் ஒன்றரை அங்குலம் போதும், முட்டி வலிக்கவில்லை.

16 பலகை முடிந்தது. அவை சத்தமில்லாமல் இறங்குகின்றன. எட்டு பாக்கி.

பாலிஷ் பற்றியும் கேட்டிருந்தார்கள். சாய்வின் மேல்விளிம்பில் வியர்வையும் தலையெண்ணெயும் சேர்ந்து கறுத்துப் பிசுபிசுக்கிறது. மற்ற இடம் நன்றாகவே இருக்கிறது.

மரம், மூட்டு, உட்காரும் சுகம் எல்லாவற்றுக்கும் முழு மார்க். ஆனாலும் பலகையும் சேர்த்து இதையே அச்சு மாறாமல் செய்யலாமா என்று கேட்டால், அந்த எட்டுப் பலகையும் அடங்கும்வரை என் பதில் வேண்டாம் என்பதுதான். அவசரமென்றால் ஒரே ஒரு பெஞ்ச் செய்யச் சொல்லுங்கள், ஃபோம் ரெக்ஸின் எல்லாம் போட்டு. ஐந்து பேரை முழங்கால் போடச் சொல்லி, எழுந்து, பலகையை மடக்கி, காலால் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். நின்றால் மீதிக்கு முன்பணம் கொடுங்கள்.